விளக்கு மங்கியதா, கண் மங்கியதா?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த விழாவில் பேசும்படி சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "எதைப் பற்றியும் பேசுங்கோ, ஆனால் எல்லாருக்கும் விளங்கிற மாதிரிப் பேசுங்கோ" என்றார். அந்த நிபந்தனை என்னைக் கொஞ்சம் பயப்படுத்திவிட்டது. ஏனென்றால் என்னுடைய வேலை, சிங்குரோத்திரன் கதிர்ப்பின் பிரகாசத்தை நியமமாக வைத்து ஒளியளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது. இந்த வசனத்தை ஒரு கலியாண வீட்டில் சொன்னால், சொல்லி முடிக்கும் முன்பே பக்கத்தில் இருப்பவர் பந்திக்கு எழும்பிப் போய்விடுவார். ஆகவே நான் அம்மம்மாவிலிருந்து தொடங்குகிறேன்.

நான் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளின் முற்பகுதியில். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று இங்கே இருக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் இரவு முழுக்கப் படித்த தலைமுறை நாங்கள். எங்கள் வீட்டில் அந்த விளக்கைச் சுற்றி நான், தம்பி, அம்மம்மா மூவரும் இருப்போம். நான் படிப்பேன், தம்பி படிப்பதுபோல இருப்பான், அம்மம்மா ஓலை பின்னுவா. ஒவ்வொரு நாளும் ஏழு மணியானால் அம்மம்மாவின் முறைப்பாடு தொடங்கிவிடும்: "பிள்ளை, விளக்கு நேற்றையிலும் மங்கல். திரியைத் தூண்டிவிடு." தூண்டினால் எண்ணெய் முடியும். தூண்டாவிட்டால் அம்மம்மா கோபிப்பா. அம்மா அடுப்படியிலிருந்து, "விளக்கு அப்படியேதான் இருக்கு, உங்கட கண்தான் மங்குது" என்பா.

இதில் யார் சொல்வது சரி? நேற்றைய வெளிச்சத்தை எடுத்து வைத்து இன்றைய வெளிச்சத்தோடு ஒப்பிட எங்களில் ஒருவராலும் முடியாது. கண்ணுக்கு அந்த ஞாபகசக்தி இல்லை. விளக்கும் மாறலாம், பார்க்கிற கண்ணும் மாறலாம். இரண்டில் எது மாறியது என்று அந்த விளக்கையும் அந்தக் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருநாளும் சொல்ல முடியாது. என் தொழில் முழுவதும் இந்த ஒரு சச்சரவுதான்.

அதே ஆண்டில் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் பௌதிகவியல் ரீச்சர் ஒளிமானிப் பரிசோதனை செய்து காட்டினா. உபகரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைக் கடதாசி, அதன் நடுவில் ஒரு தேங்காயெண்ணெய்ப் பொட்டு. ஒரு பக்கம் மெழுகுதிரி, மறுபக்கம் ஜாம் போத்தல் விளக்கு. எந்தப் பக்கத்தில் வெளிச்சம் கூடவோ அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பொட்டு இருட்டாகத் தெரியும், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். கடதாசியை முன்னும் பின்னும் நகர்த்த, ஓரிடத்தில் பொட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு பக்க வெளிச்சமும் சமன். பிறகு தூரங்களை அளந்தால் போதும். இரண்டு மடங்கு தூரத்தில் நின்று சமன் செய்யும் விளக்கு நான்கு மடங்கு பிரகாசமானது. இதற்குப் பிறகு ரீச்சர் விளக்கையும் மெழுகுதிரியையும் இடம் மாற்றி வைத்து இன்னொரு தரம் அளக்கச் சொன்னா. கடதாசியின் ஒரு பக்கம் அழுக்காக இருந்தால் அப்போதுதான் பிடிபடும் என்றா. அதை நான் கவனமாகக் கொப்பியில் எழுதினேன், எழுதிவிட்டு மறந்தும் போனேன். அந்த மறதிக்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

என் பின்வாங்கில் இருந்தவள் கையை உயர்த்தினாள். "ரீச்சர், விளக்கை மெழுகுதிரியால் அளந்தோம். மெழுகுதிரியை எதால் அளக்கிறது?"

ரீச்சர் சிரித்துக்கொண்டு, "நல்ல கேள்வி. சோதனைக்கு வராது" என்றா.

உண்மையில் அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடி ஐரோப்பா நூறு ஆண்டுகளுக்கு மேல் அலைந்திருக்கிறது. 1860இல் இங்கிலாந்து ஒரு மெழுகுதிரியையே சட்டமாக்கியது. திமிங்கில மெழுகில் செய்து, ஒரு இறாத்தலுக்கு ஆறு வீதம் வார்த்து, மணித்தியாலத்துக்கு 120 கிரெயின் எரியும் திரி. நகரத்துக்கு வாயு விளக்குப் போடும் கொம்பனி சரியான வெளிச்சம் தருகிறதா என்று அதை வைத்துத்தான் பார்த்தார்கள். ஜேர்மனியில் ஹெவ்னர் விளக்கு. அதில் எரிந்தது அமைல் அசற்றேற்று, வாழைப்பழ மணம் வீசும் திரவம். சுவாலை 40 மில்லிமீற்றர் உயரம் நிற்கவேண்டும். கதவைத் திறந்தால் சுவாலை ஆடும். காற்றில் ஈரப்பதன் கூடினால் வெளிச்சம் குறையும். சுண்டுக்கு முத்திரை குத்தலாம். சுவாலைக்கு எங்கே குத்துவது?

பேர்லினின் சார்லொட்டன்பர்க்கில் 1887இல் தொடங்கிய அரச பௌதிக நிறுவனத்தில் வேறு வழி தேடினார்கள். உள்ளே கறுப்பான, சிறு துவாரமுள்ள ஒரு அறையைச் சூடாக்கினால், அந்தத் துவாரத்தால் வரும் ஒளி அறை எதனால் செய்யப்பட்டது என்பதில் தங்கியிராது, வெப்பநிலையில் மட்டுமே தங்கியிருக்கும். இதுதான் கரும்பொருட் கதிர்ப்பு. லம்மர், பிரிங்ஸ்ஹைம், ரூபென்ஸ், குர்ல்பாவும் ஆகியோர் அதை அளந்தார்கள். அந்த அளவைகள் பழைய சூத்திரங்களுக்கு அடங்கவில்லை. 1900 டிசம்பரில் மாக்ஸ் பிளாங்க் புதிய சூத்திரத்துக்கு விளக்கம் கொடுத்தபோது குவாண்டம் கொள்கை பிறந்தது. தெருவிளக்கை ஒழுங்காக அளக்கவேண்டும் என்ற கவலை அந்த வேலைக்குப் பின்னால் இருந்தது என்பதை நாங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்தப் பாடம் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

கரும்பொருளுக்கும் ஒரு குறை உண்டு. 3,000 கெல்வின் அளவுக்குச் சூடாக்கினாலும், ஊதாவுக்கு அப்பால் போகப்போக அதன் ஒளி வேகமாக இல்லாமற் போய்விடும். 200 நனோமீற்றருக்குக் கீழே அளப்பதற்குப் போதிய ஒளி அதில் கிடையாது. "அங்கே அளந்து என்ன செய்யப்போகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

1979இல் ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரெல்லாம் கதைத்தது மூத்த அக்காமாருக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஐந்து வயது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வீட்டு ஓட்டில் விழுமா கோயிலில் விழுமா என்று பந்தயம் பிடித்தார். கடைசியில் யூலை 11ஆம் திகதி அது இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் துண்டுதுண்டாக விழுந்தது. அது எதிர்பார்த்ததைவிட முந்தி விழுந்ததற்கு முக்கிய காரணம் சூரியன். சூரியனின் மொத்த ஒளி அதன் பதினொரு ஆண்டுச் சுற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கூடிக் குறையும். ஆனால் கடும் ஊதாக்கடந்த பகுதியில் சில அலைநீளங்களில் அது மடங்குக் கணக்கில் ஏறும். அந்தக் கதிர் நிலத்துக்கு வந்து சேராது. மேல் வளிமண்டலம் அதை உறிஞ்சிச் சூடாகி உப்பும். உப்பிய வளி செய்மதியில் உராய்ந்து அதைக் கீழே இழுக்கும். ஆகவே அந்தக் கதிர் எவ்வளவு என்பதை வானத்துக்குக் கருவி அனுப்பித்தான் அளக்கவேண்டும். அனுப்பிய கருவி இரண்டாம் ஆண்டில் குறைந்த எண்ணைக் காட்டினால், குறைந்தது சூரியனா, கருவியின் பார்வையா? பாருங்கள், அம்மம்மாவின் சச்சரவு வானத்துக்கே போய்விட்டது.

இதற்கு வேண்டிய விளக்கு தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. 1947 ஏப்ரல் 24, அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரம், ஜெனரல் இலெக்ட்ரிக் ஆய்வுகூடம். இலத்திரன்களைக் காந்தத்தால் வளைத்து வட்டமாக ஓடவிட்டு, சுற்றுக்குச் சுற்று வேகமூட்டும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அதுதான் சிங்குரோத்திரன். உள்ளே எங்கோ மின்பொறி பறக்கிறது என்ற சந்தேகத்தில், கொங்கிறீற்றுச் சுவருக்கு அப்பால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கும்படி ஃப்ளொய்ட் ஹேபர் என்ற தொழில்நுட்ப உதவியாளரைக் கேட்டார்கள். அவர் பார்த்துவிட்டு, குழாய்க்குள் பொறி எரிகிறது, நிறுத்துங்கள் என்று சைகை காட்டினார். பொறி எரிந்தால் வெற்றிடம் கெட்டிருக்கவேண்டும். கெடவில்லை. பொலொக்கும் லாங்மியூரும் வந்து பார்த்தபோது அங்கே நின்றது பொறி இல்லை. வளைந்து திரும்பும் இலத்திரன்களே நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்ந்தன. சக்தியைக் குறைக்க ஒளி மஞ்சளாகி, சிவப்பாகி, மறைந்தது. அந்தக் குழாய் ஒளி புகக்கூடியதாக இருந்தபடியால்தான் இது தெரிந்தது. கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையை நான்கு பேர் எழுதினார்கள், முதலில் கண்டவரின் பெயர் அந்த நால்வரில் இல்லை. ஆய்வுகூட உதவியாளர்களுக்கு எங்கும் இதுதான் நிலைமை போலும்.

1949இல் யூலியன் ஷ்விங்கர் அந்த ஒளியைக் கணித்துக் காட்டினார். இலத்திரனின் சக்தி, காந்தப்புலம், ஓடும் இலத்திரன்களின் எண்ணிக்கை, கற்றையின் பருமன், நாம் எவ்வளவு தூரத்தில் எந்தக் கோணத்தில் எவ்வளவு பெரிய துவாரத்தால் பார்க்கிறோம் என்பது, இவை தெரிந்தால் செந்நிறக்கீழ்க் கதிரிலிருந்து எக்ஸ் கதிர் வரை ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி வரவேண்டும் என்று தாளில் எழுதிவிடலாம். 1956இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் தொம்பூலியனும் ஹார்ட்மனும் அளந்து பார்த்தார்கள், கணக்கும் அளவும் பொருந்தின. 1961 முதல் வாஷிங்டனில் அமெரிக்க நியமங்கள் பணியகம் தன்னுடைய சிங்குரோத்திரனை ஊதாக்கடந்த ஒளிக்காகத் திருப்பியது. 1974இல் அதே இயந்திரத்தை, இலத்திரன்கள் மணிக்கணக்காகத் தங்கிச் சுற்றும் சேமிப்பு வளையமாக மாற்றினார்கள். அதன் வழிவந்த வளையம் இன்று மேரிலாந்தில் இருக்கிறது. பேர்லினிலும் அப்படித்தான். சார்லொட்டன்பர்க் நிறுவனத்தின் வாரிசான பீ.ரீ.பீ., முதலில் பெசி வளையத்திலும், 1999 முதல் அட்லர்ஸ்ஹோவில் உள்ள இரண்டாவது பெசியிலும் வேலை செய்தது. 2008 முதல் பக்கத்திலேயே அளவியலுக்கென்று கட்டிய 48 மீற்றர் சுற்றளவுள்ள ஒரு சிறிய வளையமும் இயங்குகிறது.

இங்கே தங்கைமார் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், நான் சொல்லவந்த நல்ல பகுதி இதுதான். இலத்திரன்களின் எண்ணிக்கை தெரியவேண்டும் என்றேன். எப்படித் தெரியும்? எண்ணுவார்கள். உண்மையாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். வளையத்தில் இலத்திரன்களைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்து சில டசின்களில் நிறுத்துவார்கள். கற்றையின் ஓரத்துக்கு ஒரு சிறு தகட்டை மெல்ல நகர்த்தினால் ஒவ்வோர் இலத்திரனாக மோதிப் போகும். ஒன்று போகும்போது வெளிச்சம் ஒரு படி இறங்கும். அடுத்தது போக அதே உயரத்தில் இன்னொரு படி. திரையில் படிக்கட்டுப்போலக் கோடு இறங்கும். கடைசிப் படிக்குக் கீழே இருட்டு. படிகளைக் கீழிருந்து மேலே எண்ணினால் தொடக்கத்தில் எத்தனை இலத்திரன் என்று முழு எண்ணாகக் கிடைக்கும், அதில் பின்னம் வர வழியில்லை. அந்தச் சிறிய வளையத்தில் ஒரே ஒரு இலத்திரன் செக்கனுக்கு 60 இலட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. அந்த ஒன்றின் ஒளியையும் கருவியால் காணலாம். அதே வளையத்தை 200 மில்லியம்பியர் வரை நிரப்பினால் ஏறக்குறைய இருபதாயிரம் கோடி இலத்திரன்கள். ஒன்றிலிருந்து அத்தனை கோடி வரை, ஒளியின் நிறப் பங்கீட்டை மாற்றாமல் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். இலத்திரனின் சக்தியை எப்படி அறிவது? எதிரே லேசர் ஒளியை அனுப்பி, மோதித் திரும்பும் ஒளியின் சக்தியை அளந்து அறிவார்கள். எல்லாவற்றையும் மீற்றருக்கும் செக்கனுக்கும் எண்ணிக்கைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். இன்னொரு விளக்கை நம்பத் தேவையில்லை. பின்வாங்குக்காரியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல மறுமொழி இது.

இனி நான் கொடுத்த விலை. கலாநிதிப் பட்டத்துக்கு வேறொரு நாட்டில் படித்தபோது, துதேரியம் விளக்குகள் நாளாக நாளாக எப்படி மங்குகின்றன என்று ஆராய்ந்தேன். வெற்றிடப் பெட்டிக்குள் ஓர் ஆடி, ஓர் ஒளியுணரி, எதிரே விளக்கு. இரண்டு ஆண்டுகள் அளந்தேன். விளக்குகள் அழகாக, ஒழுங்காக மங்கின. குறுகிய அலைநீளத்தில் கூடுதலாக மங்கின. அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்து ஓர் அத்தியாயம் எழுதி முடித்தேன். என் மேற்பார்வையாளருக்கும் திருப்தி. பேர்லினுக்குக் கொண்டுபோய் ஒருமுறை அளவுகோடிட்டால் ஆய்வேட்டில் ஒரு வரி நன்றாக இருக்கும் என்று, சம்பிரதாயத்துக்காகத்தான் என்னை அனுப்பினார்கள்.

அளவுகோடிடல் என்றால் பெரிய வித்தையல்ல. தெரிந்த ஒளியைக் கருவிக்குக் காட்டி, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வது. இரவு வேளையில், வளையத்தின் கற்றை வழியில் என் பெட்டியைப் பூட்டினோம். வளையம் தரவேண்டிய ஒளி எவ்வளவு என்று கணக்கில் இருந்தது. என் கருவி அதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டியது. குறுகிய அலைநீளத்தில் இன்னும் குறைவு. துவாரத்தை மாற்றினோம், தூரத்தை மறுபடி அளந்தோம். வளையத்தில்தான் பிழை என்று நான் வாதாடியதும் உண்டு. இப்போது நினைத்தால் வெட்கம். அங்கே இருந்த பெண் விஞ்ஞானி ஒருவர் கோபப்படாமல், "ஆடியைக் கழற்றிப் பார்ப்போமா?" என்றார். கழற்றிச் சாய்த்துப் பிடித்தபோது அதன் நடுவில் மெல்லிய பழுப்பு நிறப் படலம். பம்பியிலிருந்து வந்த எண்ணெய் ஆவி ஆடியில் படிந்து, நான் பாய்ச்சிய ஊதாக்கடந்த ஒளியிலேயே வெந்து ஒட்டியிருந்தது.

இரண்டு ஆண்டுகளாக மங்கியதில் பெரும்பங்கு என் விளக்குகள் அல்ல, என் ஆடி. ஓர் எண்ணெய்ப் பொட்டு! ரீச்சர் இடம் மாற்றி வைத்து இன்னொரு தரம் அளக்கச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. புதிய ஆடியைப் போட்டு, பழைய விளக்குகளை மறுபடி அளந்திருந்தால் முதல் ஆண்டிலேயே பிடிபட்டிருக்கும். அந்த அத்தியாயத்தை முழுதாக எடுத்தேன். பட்டம் ஒன்றரை ஆண்டு பிந்தியது. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா, "அப்ப விளக்கில் பிழை இல்லையோ?" என்று மட்டும் கேட்டா. அவவுக்கு விளங்கிவிட்டது.

இதே படலம் செய்மதிக் கருவிகளுக்கும் பழைய எதிரி. 1995 டிசம்பர் 2ஆம் திகதி ஏவிய சோஹோ செய்மதியில் இருந்த ஊதாக்கடந்த கருவிகள் இரண்டை, சுமரையும் சீ.டி.எஸ்.ஐயும், ஏவுவதற்கு முன் பேர்லின் வளையத்தோடு தொடுத்தார்கள். கருவியை வளையத்துக்குக் கொண்டுபோகாமல், வளையத்தில் அளவுகோடிட்ட ஒரு சிறு விளக்கைக் கருவியிடம் கொண்டுபோனார்கள். அரசாங்க நியமச் சுண்டோடு ஒப்பிட்ட சுண்டைச் சந்தைக்குக் கொண்டுவருவதுபோல. கருவிகள் கட்டும்போது எண்ணெய், பசை, பிளாஸ்ரிக் ஆவி ஒன்றும் ஆடியில் படியாதபடி மிகக் கடுமையாகச் சுத்தம் பார்த்தார்கள். 2010 பெப்ரவரி 11ஆம் திகதி ஏவிய எஸ்.டி.ஓ. செய்மதியின் ஈ.வி.ஈ. கருவிக்கு இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். மேலே இருப்பதை இறக்க முடியாது. ஆகவே அதேபோன்ற இன்னொரு கருவியை மேரிலாந்து வளையத்தில் அளவுகோடிட்டு, நியூ மெக்சிக்கோவிலிருந்து ரொக்கட்டில் சில நிமிடங்கள் மேலே அனுப்புவார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே சூரியனைப் பார்க்கும். புதிய கண் சொல்வதையும் பழைய கண் சொல்வதையும் ஒப்பிட்டால், பழையது எவ்வளவு மங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுச் சச்சரவும் அப்படித்தான் தீர்ந்தது. பிறகு அம்மம்மாவின் கண்ணில் புரை என்று கண்டு சத்திரசிகிச்சை செய்தார்கள். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று இரவு, வழக்கம்போல ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்தேன். அம்மம்மா கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் பிள்ளை இவ்வளவு பெரிசா எரியவிடுறாய், எண்ணெய் என்ன விலை விக்குது?" என்று ஏசினா.

ஆய்வுகூடத்துக்கு நேற்றுப் போய்ப் பார்த்தேன். அந்த ஒளிமானி மரச்சட்டம் இன்னும் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, கடதாசிதான் இல்லை. எண்ணெய்ப் பொட்டு வைத்துப் புதிதாக ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். மதிய இடைவேளைக்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்புத் தங்கைமாரோடு அதில் அளந்து பார்க்கப்போகிறோம். அக்காமாரும் வரலாம், மெழுகுதிரி மட்டும் கொண்டுவாருங்கள்.